பந்தோபஸ்து முடிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

போன வாரக் கட்டுரையில் ‘அரசு நினைத்தால் எந்தக் கலவரமும் ஒரு நாளுக்கு மேல் நீடிக்காது’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. ஜனங்கள் மனசில் வெறுப்பு இருந்தால் போலீஸ் என்ன செய்யும்? முத்துப்பேட்டை விநாயகர் ஊர்வலத்துக்கு வருஷா வருஷம் எவ்வளவு போலீஸ் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். இதற்கு மேல் அரசு என்ன செய்ய வேண்டும்? இன்னொன்று, டெல்லி, குஜராத் என்று எழுதுகிற நீங்கள் திருபுவனத்தில் 2019இல் நடந்த கொலையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மற்றபடி, நாகூர் ஆண்டவர் அடங்கியிருக்கிற மண் இது. இங்கே அதெல்லாம் வராது. எழுதி எழுதி நீங்களே வரவழைத்துவிடாதீர்கள்.

க.,
குடவாசல்

அன்புள்ள க.,

திருபுவனத்திலிருந்தே தொடங்குகிறேன். 2019 பிப்ரவரியில் அங்கே கொல்லப்பட்டவர் ஒரு பாமக பிரமுகர். மதப் பிரச்சாரத்துக்கு வந்தவர்களிடம் பகலில் வாக்குவாதம் செய்தார். அன்று இரவே வீட்டுக்குத் திரும்பும் வழியில் வெட்டிக் கொன்றார்கள். மதத்தின் பெயரால் நடந்த கொலை அது. அப்படிச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. கும்பகோணம் வட்டாரமே கொதித்தது. ஆனால் பழிக்குப் பழி என்று அடுத்த பிணம் விழவில்லை. உள்ளூர் போலீஸ் முதல் சில நாட்களிலேயே ஆட்களைப் பிடித்தது. அடுத்த மாதம் வழக்கு மத்திய அரசின் தேசியப் புலனாய்வு முகமைக்கு (என்ஐஏ) போனது. ஆகஸ்டில் 18 பேர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

இதை இன்னொரு ஊரோடு வைத்துப் பாருங்கள். உத்தரப் பிரதேசம், முசாபர்நகர் மாவட்டம், கவால் கிராமம். 2013 ஆகஸ்ட் 27 அன்று ஒரு தகராறில் ஒரு முஸ்லிம் இளைஞரும் இரண்டு ஜாட் இளைஞர்களும் கொல்லப்பட்டார்கள். திருபுவனத்தைப் போலவே ஊர் கொதித்தது. செப்டம்பர் 7 அன்று பெரிய பஞ்சாயத்து கூடியது. நடுவில் 11 நாள் இருந்தது. 144 தடை உத்தரவும் இருந்தது. தடை இருக்கும்போதே ஆயிரக்கணக்கானவர்கள் டிராக்டரில் வந்து கூடினார்கள், மேடையில் பேசினார்கள், திரும்பிப் போகும் வழியில் வெட்டு குத்து ஆரம்பித்தது. 60 பேருக்கு மேல் செத்தார்கள். 50,000 பேருக்கு மேல் ஊரை விட்டு ஓடினார்கள்; பெரும்பாலும் கரும்புக் காட்டிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை பார்த்த முஸ்லிம்கள்.

கவால்காரர்களின் மனசில் இருந்த வெறுப்பு திருபுவனத்துக்காரர்களின் மனசில் துளியும் இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. கொள்ளிடக் கரையில் கசிவு கண்டால் முதல் ஒரு மணி நேரத்தில் மணல் மூட்டையோடு ஆள் போக வேண்டும். 11 நாள் கழித்துப் போனால் அடைக்கக் கரையே இருக்காது. திருபுவனத்தில் ஆள் போனார்கள். கவாலில் போகவில்லை.

நீங்கள் எடுத்துக்காட்டிய அந்த வரியும் நான் கற்பனையில் எழுதியது இல்லை. விபூதி நாராயண் ராய் என்ற ஐபிஎஸ் அதிகாரி பல இடங்களில் சொன்ன கருத்து அது. 1987இல் காசியாபாத் எஸ்பியாக இருந்தவர். அந்த வருஷம் மே மாதம் மீரட் ஹாஷிம்புராவிலிருந்து ஆயுதப்படை போலீஸ் லாரியில் ஏற்றிப்போன முஸ்லிம் ஆண்களைச் சுட்டுக் கால்வாயில் தள்ளியது. அந்த இடத்துக்கு இரவில் போய்ப் பார்த்து வழக்குப் போட்டவர் அவர். தண்டனை எப்போது வந்தது தெரியுமா? 2018 அக்டோபரில், டெல்லி உயர் நீதிமன்றத்தில். 16 பேருக்கு ஆயுள். 31 வருஷம்.

சரி, முத்துப்பேட்டைக்கு வருகிறேன்.

ஊர்வலத்துக்கு முதல் நாளே சவுக்குக் கட்டை கட்டித் தெருவை அடைத்துவிடுவார்கள். வெளி மாவட்ட ஆயுதப்படைக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் படுத்துக் கிடப்பார்கள். பொட்டலச் சோறு வரும். கடைக்காரர்கள் மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கும் முன்னால் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் நடந்திருக்கும். கோட்டாட்சியர், டிஎஸ்பி, ஒரு பக்கம் ஜமாத்தார், எதிர்ப் பக்கம் விழாக் குழுவினர். எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எந்த முக்கைத் தாண்ட வேண்டும், எங்கே மேளத்தை நிறுத்துவது, எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் கூட்டத்தை நடத்துகிற அதிகாரிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பேசிப் பேசியே பல பேர் உயிரைக் காப்பாற்றுகிறார்கள்.

உரிமையில் குழப்பம் ஏதும் இல்லை. பொதுத் தெருவில் எந்த மதத்தாரும் ஊர்வலம் போகலாம், மாஜிஸ்திரேட் போடும் நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1924லேயே சொல்லிவிட்டது. பெரம்பலூர் வி.களத்தூரில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் தெருவில் கோயில் ஊர்வலம் வரக் கூடாது என்று தகராறு வந்தபோது, அப்படித் தடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்புச் சொன்னது. அது சரியான தீர்ப்பு. அதே சட்டப்படி பள்ளிவாசல் வாசலில் நின்று இன்னொரு மதத்தை ஏசுகிற கோஷத்துக்கு உரிமை கிடையாது.

என் கேள்வி எல்லாம் மறுநாளைப் பற்றித்தான். சிலையைப் பாமணியாற்றில் கரைத்தாயிற்று, போலீஸ் வேன்கள் திரும்பிவிட்டன. எங்காவது ஒருவன் மைக்கில் வெறுப்பாகப் பேசியிருந்தால், ஒருவன் கல் எறிந்திருந்தால், அந்த வழக்கு என்ன ஆகிறது? இரண்டு மதத்தாருக்கு நடுவே பகை மூட்டுவது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 196ஆம் பிரிவு. இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இந்த வழக்கை விசாரணைக்கு எடுக்க முடியாது. எஃப்ஐஆர் போட்டுவிட்டோம் என்று பத்திரிகைக்குச் சொல்லிவிடலாம். அனுமதிக் கோப்பு கோட்டையில் தூங்கினால் வழக்கும் தூங்கும். புகார் வராவிட்டாலும் வெறுப்புப் பேச்சுக்குப் போலீசே வழக்குப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதற்கு அப்புறமும் அனுமதி என்ற கதவு அரசின் கையில்தான் இருக்கிறது.

போட்ட வழக்கைத் திரும்பப் பெறுகிற அதிகாரமும் அதே கையில். முசாபர்நகர் கலவரத்துக்கு 510 வழக்கு. அதில் 77ஐக் காரணம்கூடச் சொல்லாமல் உத்தரப் பிரதேச அரசு திரும்பப் பெற்றது என்று 2021இல் உச்ச நீதிமன்றத்திடம் அதன் உதவிக்கு அமர்த்தப்பட்ட வழக்கறிஞரே தெரிவித்தார். வீட்டை இழந்தவன் அந்தச் செய்தியைப் படித்தால் என்ன நினைப்பான்? வீட்டைக் கொளுத்தியவன் என்ன நினைப்பான்? எனக்கு இதை எழுதும்போதே ஆத்திரம் வருகிறது.

தமிழ்நாடு யோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். 1997 நவம்பர் 29 அன்று கோவையில் ஒரு போக்குவரத்துக் காவலரைக் கொன்றார்கள். கோபத்தில் காவலர்களே தெருவில் இறங்கினார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலுமாக 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். இரண்டரை மாதம் கழித்து, 1998 பிப்ரவரி 14 அன்று, தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். குண்டு வைத்தவர்களுக்கு எந்த நியாயமும் கிடையாது. அந்த வழக்கை அரசு விடாமல் நடத்தியது, 2007இல் 158 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நவம்பர் சாவுகளுக்கு அந்த முனைப்பில் கால்வாசிகூட நான் பார்க்கவில்லை. கோகுலகிருஷ்ணன் கமிஷன் இரண்டையும் விசாரித்தது. அறிக்கை வந்தது, அலமாரிக்குப் போனது.

கடைசியாக நாகூர். எனக்கும் அந்த ஊர் மேல் உங்களைப் போலவே பிரியம். தர்காவின் 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். கந்தூரிக்குச் சந்தனக்கூடு நாகப்பட்டினத்திலிருந்து வரும்போது தெருவோரம் கைக்குழந்தையோடு நிற்கும் இந்துப் பெண்கள் எத்தனை பேர்! மொட்டை போடுகிறார்கள், வேண்டுதல் தகடு வாங்கிப் போடுகிறார்கள். ஆனால் அதே நாகூரில்தான் 1995 ஜூலையில் இந்து முன்னணிக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் பார்சலில் வந்த குண்டு வெடித்து அவர் மனைவி செத்தார். ஆண்டவர் அடங்கிய ஊர் என்பது அந்தப் பார்சலைத் தடுக்கவில்லை. ‘இங்கே வராது’ என்று நாம் நம்புவதால் அதிகாரிகளுக்கு ஒரு வேலை மிச்சமாகிறது, அவ்வளவுதான்.

எழுதினால் வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். எழுதாமல் இருந்த ஊர்களிலும் வந்திருக்கிறது. நீங்கள் உங்கள் பகுதியிலிருந்தே ஒன்று செய்யலாம். ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப். திருவாரூர் மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். கடந்த 10 வருஷத்தில் மாவட்டத்தில் 153ஏ பிரிவிலும் புதிய 196இலும் பதிவான வழக்குகள் எத்தனை, அனுமதி கேட்டு அனுப்பியவை எத்தனை, அனுமதி வந்தவை எத்தனை, தண்டனையில் முடிந்தவை எத்தனை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு எப்படி எழுதுவது என்று நான் சொல்கிறேன். தஞ்சாவூருக்கும் நாகைக்கும் நான் எழுதுகிறேன். பதில்கள் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து இங்கேயே போடலாம்.