கெமோமில் விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: கெமோமில் (மூலிகை டீ போட உதவும் சாமந்தி வகைப் பூச்செடி) விதை போட்டு அரை அங்குலம் மண்ணால் மூடினேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் மூன்று வாரமாக ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டதா?

பதில்: விதையைவிட அந்த மண் மூடாக்கு மேல்தான் எனக்குச் சந்தேகம். தூள் மாதிரி இருக்கும் இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் ஈரமண்ணின் மேலேயே தூவி விரலால் லேசாக அழுத்திவிட்டால் போதும். அப்புறம், தண்ணீரை ஊற்றாதீர்கள், விதை அடித்துக்கொண்டு ஓரத்தில் போய் ஒதுங்கிவிடும், ஸ்பிரேயரால் தெளியுங்கள். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓரிரு வாரத்தில் பச்சை நூல் போல முளை தெரியும். அப்போது மண் சொதசொதவென்று இருந்தால் தண்டு அடியில் அழுகி மொத்தமாகச் சாய்ந்துவிடும், பார்க்கவே மனசு கேட்காது. நாற்று கொஞ்சம் தேறியதும் செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளி விடுங்கள்.