54 பிள்ளைகள், ஒன்பது சட்டாம்பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் வசிக்கிறேன், வயது 23. பொறியியல் முடித்து ஒரு மென்பொருள் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தேன். வேலையை விட்டுவிட்டு, ஒரு தொண்டு அமைப்பு வழியாகக் கம்போடியாவில் பட்டம்பாங் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் ஆறு மாதம் ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறேன். சம்பளம் கிடையாது, தங்குமிடம் உண்டு. 120 மணி நேர இணையவழி ஆசிரியர் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு போவது அவசியமா? நான் சைவம், அங்கே சமாளிக்க முடியுமா? மாலை நேரத் தனிமையை எப்படிக் கடப்பது? வார இறுதியில் ஓர் அநாதை இல்லத்துக்கும் அழைத்துப் போவார்களாம். வகுப்பில் 54 பேர் என்கிறார்கள், அதை நினைத்தால்தான் கொஞ்சம் உதறல்.

ந., பெரம்பூர்

அன்புள்ள ந.,

சான்றிதழ் வேண்டாம். அமைப்பே கட்டாயம் என்று சொன்னால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் போகுமுன் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அங்கே கிராமத்து நாய்கள் நம் வியாசர்பாடி நாய்களுக்குச் சளைத்தவை அல்ல. அந்த இணையப் பாடங்களில் காட்டுகிற வகுப்பில் பன்னிரண்டு பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கு அது எதற்கு?

தனிமைக்கு என்னிடம் மருந்து இல்லை. சாயங்காலத்தில் அந்த ஊர் மொழியான கெமரின் எழுத்து படியுங்கள். மெய்யெழுத்து 33. பல்லவர் எழுத்தின் வழிவந்தது, ஓர் எழுத்தின் காலடியில் இன்னோர் எழுத்தைத் தொங்கவிடுவார்கள், கிரந்தம் பார்த்த கண்ணுக்கு அது புதிதாக இருக்காது. இன்னொரு லாபமும் உண்டு. கெமரில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை, சொற்றொடர் முடியும் இடத்தில்தான் விடுவார்கள். உங்கள் பிள்ளைகள் ஆங்கில வாக்கியத்தை ஒரே சரமாக எழுதிக்கொண்டு வந்து நீட்டும்போது காரணம் தெரியாமல் கோபப்பட மாட்டீர்கள். ஒரு சொல் முடிந்ததும் இடது கைச் சுண்டுவிரலை வைத்து, அதற்கு அப்பால் அடுத்த சொல்லை எழுதச் சொன்னால் போதும்.

அநாதை இல்லத்துக்குப் போகாதீர்கள். இதை அன்பாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அங்கே இருக்கிற பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் வந்து பார்ப்பதால், பணம் கொடுப்பதால், இல்லங்கள் நிரம்புகின்றன. இதை நிறுத்தச் சொல்லிக் கம்போடியாவிலேயே பல வருடங்களாகப் பிரசாரம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தூக்கி வைத்துக் கொஞ்சி, படம் எடுத்துவிட்டு வந்தால் உங்களுக்கு நிறைவாக இருக்கும். அந்தக் குழந்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு யார் இடுப்பிலோ ஏறும். உங்களை அனுப்புகிற அமைப்பு இதைச் சுற்றுலா மாதிரி திட்டத்தில் சேர்த்திருக்கிறது என்றால், மற்ற விஷயங்களிலும் அவர்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். சுற்றுலா விசாவில் வரச் சொல்கிறார்களா? அதை ஒரே ஒரு மாதம்தான் நீட்டிக்கலாம். ஆறு மாதம் தங்க சாதாரண விசா என்கிற 'ஈ' வகை வேண்டும். சம்பளமில்லாத வேலைக்கும் பணி அனுமதி யார் வாங்கித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த 54. சில வாரங்களாகத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றியே வாசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உங்கள் கடிதத்தை ஒதுக்கி வைக்க முடியவில்லை. 54 பேருக்குப் பயப்படுகிற பெண் சென்னையிலிருந்து கிளம்புகிறாள் என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கூட்டமான வகுப்பை நடத்துகிற முறைக்கு உலகம் வைத்த பெயரே 'மதராஸ் முறை'.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான ஆண்கள் ஆதரவற்றோர் விடுதியை ஏற்று நடத்தத் தொடங்கினார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்த்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதைத் தன் விடுதியிலும் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்களோ ஆகாத காரியம் என்று கைவிரித்துவிட்டார்கள். உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனை அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். அவன் செய்து காட்டினான். நம் ஊரில் வாத்தியாருக்காக மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சட்டாம்பிள்ளை என்று காலங்காலமாக ஒரு மாணவன் இருந்தான், அவ்வளவுதான் சங்கதி. 1796இல் கப்பல் ஏறிய பெல், அடுத்த வருடம் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியச் சங்கம் தொடங்கியபோது அதன் பள்ளிகள் இந்த முறையில்தான் நடந்தன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுப்போன பணத்தில் உண்டான பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

இங்கிலாந்தில் அது ஏன் கெட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். புதுப் பாடத்தையும் பையன்கள் தலையிலேயே கட்டினார்கள். கிளிப்பிள்ளைப் பாடமாகிவிட்டது. நீங்களும் இதே தப்பைச் செய்யக்கூடும்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் வாரம் பாடம் எடுக்காதீர்கள். உள்ளூர் ஆசிரியர் எடுக்கட்டும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரம் 54 பேரை ஆறு ஆறாக ஒன்பது குழு ஆக்குங்கள். நண்பர்களைப் பிரிக்க வேண்டாம், அண்ணன் தம்பியைப் பிரியுங்கள். குழுவுக்கு ஒரு சட்டாம்பிள்ளை. முதல் ரேங்க் பிள்ளையை இதில் போடாதீர்கள். அதற்குப் பொறுமை கிடையாது, விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கும். போன வாரம்தான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட நடுத்தரப் பிள்ளைக்கு எங்கே இடறும் என்று நினைவிருக்கும், அதைப் போடுங்கள். திங்கள்தோறும் ஆளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மூன்றாவது வாரம் சட்டாம்பிள்ளைக்கு மாங்காய் லஞ்சம் வர ஆரம்பிக்கும். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையைப் பற்றி நம் தாத்தாக்கள் சொன்ன கதைகளெல்லாம் இதுதானே? கையில் குச்சி, ஸ்கேல் எதையும் கொடுக்காதீர்கள்.

புதிதாக எதையும் சட்டாம்பிள்ளை சொல்லித்தரக் கூடாது. நீங்கள் நேற்று நடத்தியதை வாசிக்க வைப்பதும், சொல்லச்சொல்ல எழுத வைப்பதும், சரிபார்ப்பதும் மட்டுமே அவன் வேலை. அந்த வேலைக்கும் முதலில் அவனைத் தயார் செய்ய வேண்டும். காலையில் பள்ளி மணி அடிப்பதற்குக் கால் மணி முன்னால் ஒன்பது பேரையும் கூப்பிட்டு, அன்றைக்குக் கேட்க வேண்டிய ஐந்து வாக்கியத்தை அவர்களிடம் கேளுங்கள். தப்புச் சொல்கிறவனுக்கு அங்கேயே திருத்துங்கள். இந்தக் கால் மணி நேரத்தைச் சோம்பலில் விட்டால் ஒரு தப்பு ஒன்பது மடங்காகத் திரும்பி வரும். கம்போடியப் பிள்ளைகள் சொல்லின் கடைசி ஒலியை விழுங்கிவிடுவார்கள், 'ரைஸ்' என்பது 'ரை' ஆகிவிடும். (நாம் முன்னால் ஒரு 'இ' சேர்த்து 'இஸ்கூல்' என்போம். ஆகவே சிரிக்காதீர்கள்.) சட்டாம்பிள்ளையின் காது கடைசி ஒலியைப் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இலக்கணத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

நாற்பது நிமிடம் என்றால் பத்து நிமிடம் நீங்கள் புதுப் பாடம், பதினைந்து நிமிடம் குழு, பத்து நிமிடம் பலகை, மிச்சம் சத்தத்துக்குப் போய்விடும். கம்போடியாவில் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் கைப்பலகையும் சாக்பீஸும் உண்டு. கேள்வி கேளுங்கள், எல்லாரும் எழுதட்டும், நீங்கள் கை தட்டியதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். ஒரு பார்வையில் 54 விடையும் தெரிந்துவிடும். முன்கூட்டித் தூக்க விட்டால் மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள், எழுதியதும் பலகையை மார்போடு கவிழ்த்துப் பிடிக்கப் பழக்குங்கள். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். தகரக் கூரையில் மழை அடித்தால் நீங்கள் கத்துவது உங்களுக்கே கேட்காது. அன்றைக்கு முழுக்கப் பலகைதான். எழுத்தே கூடாத சிறுசுகளுக்கு மணல் தட்டு செய்யுங்கள். ஒன்றரை அடிக்கு ஓரடி ஒட்டுப்பலகை, முக்கால் அங்குலச் சட்டம், சலித்த உலர்ந்த மணல் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஆழம் கூடினால் கோடு சரிந்து மூடிவிடும், ஈரம் பட்டால் கட்டி தட்டும். வாணலியில் வறுத்து ஆறவைத்தால் சரியாகிவிடும்.

கிளம்புமுன் ஒரு வேலை. ஏதாவது ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் அனுமதி கேட்டு இரண்டு நாள் உட்காருங்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் செயல்வழிக் கற்றல் தொடங்கியது, பிறகு தமிழ்நாடு முழுக்கப் போனது. ஆசிரியர் உதவியோடு ஒரு குழு, சக மாணவர் உதவியோடு ஒரு குழு, தானாகப் படிக்கிற ஒரு குழு என்று தரையில் பிரித்து உட்கார வைத்துப் பழகிய ஆசிரியைகள் அங்கே இருக்கிறார்கள். மூன்று குழு ஒரே நேரத்தில் கையைத் தூக்கினால் யாரிடம் முதலில் போவது என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கும். 120 மணி நேரப் பாடத்தில் இருக்காது.

சாப்பாடு கேட்டிருந்தீர்கள். சோறு கிடைக்கும், பிரஹோக் என்கிற நொதிக்க வைத்த மீன் விழுதும் மீன் சாஸும் இல்லாத குழம்பு கிடைப்பதுதான் கஷ்டம். 'இறைச்சி சாப்பிட மாட்டேன்' என்றால் மீனை அதில் சேர்க்க மாட்டார்கள், தனியாகச் சொல்லுங்கள். ஒரு சின்ன குக்கரும் இரண்டு கிலோ துவரம்பருப்பும் எடுத்துப் போங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது, மாற்றி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். டாலரும் ரியலும் இரண்டுமே செல்லும், ஒரு டாலர் சுமார் 4,000 ரியல். கிழிந்த டாலரை யாரும் தொட மாட்டார்கள், மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டாகப் பாருங்கள்.

ஏப்ரல் நடுவில் அவர்களுக்கும் புத்தாண்டு, பள்ளி மூடிவிடும். திரும்பி வந்தால் பாதிப் பிள்ளைகள் குழுவை மறந்திருப்பார்கள். யார் எந்தக் குழு, யார் எந்த வாரம் சட்டாம்பிள்ளை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் ஊர் திரும்புவதற்கு ஒரு மாதம் முன்பே அந்த நோட்டை உள்ளூர் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். காலைக் கால் மணியையும் அவரே நடத்தட்டும். அவருக்கு இதெல்லாம் வீண் வேலை என்று தோன்றினால் வாதாடாதீர்கள், ஒன்பது குழுவை ஐந்தாகக் குறைத்துக் கொடுங்கள்.