பேச்சு வாங்கின பிள்ளை

கேள்வி: பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கத் தயாராகும் முதல்நன்மை வகுப்பு எடுக்கிறேன். புனித யோசேவாஸ் அடிகளார் அன்பான பேச்சாலேயே இங்கத்தைய கத்தோலிக்கரைக் காப்பாற்றினார் என்கிறார்கள். அது அந்தக் காலம். இன்றைய பிள்ளைகளுக்கு நாலு ஏச்சு விழுந்தால்தானே செபம் மனதில் ஏறுகிறது?
– மறைக்கல்வி ஆசிரியை ஒருவர், இளவாலை

பதில்: அந்தக் காலம் இலேசான காலம் என்று யார் உங்களுக்குச் சொன்னது? 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதன்பின் கத்தோலிக்கக் குரு எவரும் இங்கே வெளிப்படையாக நடமாட முடியாது. கோவாவின் பெனாவுலிமில் 1651 இல் பிறந்த யோசேவாஸ், 1687 இல் கூலியாள் கோலத்தில் தூத்துக்குடியில் கப்பலேறி, வயிற்றோட்டத்தால் துவண்டுபோய் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலை தெரிய, வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு முகம் மாறுகிறவர் யார் என்று பார்த்துத்தான் தன் ஆட்களைக் கண்டுபிடித்தார். சத்தம் போட்டுப் பிரசங்கம் வைத்தால் அவர் மட்டுமல்ல, இடம் கொடுத்த வீட்டாரும் பிடிபடுவார்கள். 1689 நத்தார் இரவு பூசைக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தார்கள். சில்லாலைச் சனம் அவரை மறைத்துக் காத்ததை அந்த ஊர் இன்றும் மறக்கவில்லை.

ஆனால் "பேச்சாலேயே" என்பதும் முழு உண்மை இல்லை. 1692 இல் கண்டிக்குப் போன அடிகளாரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள்; பிறகு விடுவித்தார்கள். 1697 இல் அதே கண்டியில் பெரியம்மை பரவியது. பெற்ற பிள்ளையைக்கூட விட்டுவிட்டுச் சனம் ஓடியது. அடிகளாரும் அவருக்கு மருமகன் முறையான கர்வாலியோ அடிகளாரும் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களுக்குக் குடில் போட்டார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், புண் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். அவர் சொல்லுக்குக் கனம் வந்தது அங்கேதான். குரலைத் தாழ்த்திக்கொண்டால் மட்டும் அன்பான சொல் ஆகிவிடாது.

இனி உங்கள் வகுப்புக்கு வருவோம். எங்கள் ஊரில் 'பேச்சு வாங்கினான்' என்றாலே ஏச்சு வாங்கினான் என்றுதான் பொருள். பேச்சுக்கே அந்த அர்த்தம் ஏறும் அளவுக்குப் பிள்ளைகளை ஏசியிருக்கிறோம். எனக்கு இது பெரிய மனவருத்தம்.

விசுவாசப் பிரமாணச் செபம் சொல்லும் பிள்ளை, இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்பிட்ட பிலாத்துவின் பெயர் வரும் இடத்தில் தடக்கி நிற்கிறது என்று வையுங்கள். "வீட்டில என்ன செய்தனீ?" என்ற கேள்வி வாயில் வரும். விழுங்கிவிடுங்கள். பயந்த பிள்ளைக்குத் தெரிந்த வரியும் மறந்துபோகும்; அடுத்து நிற்கிற பிள்ளைக்கும் அதே இடத்தில் நாக்கு ஒட்டும். மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். வராவிட்டால் அடுத்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுங்கள், முழு வரியையும் நீங்களே சொல்லிவிட வேண்டாம். கடைசி வரை சொல்லி முடிக்க விடுங்கள். பிறகு அந்த ஒரு வரியை மட்டும் மூன்று தரம் சேர்ந்து சொல்லுங்கள். அந்தப் பெயர் யாருடையது என்று இரண்டு வசனத்தில் விளங்கப்படுத்துங்கள். பொருள் தெரியாத சொல்லில்தான் பிள்ளைகள் பெரும்பாலும் தடக்குகிறார்கள்.

பிந்தி வருகிற பிள்ளையை வாசலில் நிற்பாட்டி விசாரிக்க வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருத்துங்கள், காரணத்தை வகுப்பு முடியத் தனியே கேளுங்கள். காலையில் தம்பி தங்கையைப் பார்க்கிற பொறுப்பு அந்தப் பிள்ளையில் இருக்கலாம்.

இதில் பிழை விடுகிற இடமும் உண்டு. பிழையாகச் சொன்ன பிள்ளைக்கு "கெட்டிக்காரன்" என்று பட்டம் கொடுப்பது அன்பு இல்லை; அது பொய் என்று பிள்ளைக்கே தெரியும். பிறகு உண்மையாகப் பாராட்டினாலும் நம்பாது. பிழையைப் பிழை என்றே சொல்லுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று, மற்றவர் காதுபடாமல். வகுப்பில் இனிக்கப் பேசிவிட்டுப் பூசை முடிய முற்றத்தில் தாயிடம் முறையிடுவது அதைவிடப் பெரிய கேடு. அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை வயிற்றுக்குத்து என்று வீட்டிலேயே படுத்துவிடும்.

தாயைக் கண்டால், பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே, அது சரியாகச் சொன்ன ஒரு வரியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.