ஜேட் வளையல், டீக்கடை பில், என் பரண் மேல் ரஜாய்

கேள்வி: குடும்பத்தோடு ஐந்து பேர் பெய்ஜிங் போயிருந்தோம். பெருஞ்சுவர், மிங் கல்லறைகள், மதியச் சாப்பாடு சேர்த்து ஆளுக்கு 120 யுவான் என்று ஆன்லைனில் ஒரு நாள் டூர் பிடித்தோம். சுவரில் நின்றது ஒன்றரை மணி நேரம். ஜேட் எனும் நகைக்கல் கூடம், பட்டுக் கூடம், நாடி பார்க்கும் வைத்தியசாலை மூன்றிலும் போனது நாலு மணி நேரம். எதுவும் வாங்காமல் வெளியே வந்தால் கைடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சங்கடம் தாங்காமல் மாமியார் 3,800 யுவானுக்கு ஒரு ஜேட் வளையல் வாங்கிவிட்டார். ஊருக்கு வந்து கடையில் காட்டினால் சிரிக்கிறார்கள். பயணம் முடிந்து 19 நாள் ஆகிறது. ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: முடியும். இன்னும் 11 நாள் இருக்கிறது, இன்றைக்கே உட்காருங்கள்.

சீனாவின் சுற்றுலாச் சட்டம் 2013 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. நியாயமில்லாத மலிவு விலை காட்டி ஆள் பிடித்து, கடைக்குக் கூட்டிப்போய்க் கமிஷன் அடிப்பது அதன் 35-ஆவது பிரிவின்படி சட்டவிரோதம். அப்படி நடந்திருந்தால், பயணம் முடிந்த 30 நாளுக்குள் பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தரச் சொல்லி டூர் கம்பெனியிடம் நீங்கள் கேட்கலாம். பணத்தை முதலில் அவர்களே கொடுத்துவிட்டு, பிறகு கடையிடம் வசூல் செய்துகொள்ள வேண்டும். அதனால் கடைக்காரரோடு மல்லுக்கட்டாதீர்கள். டூர் கம்பெனிக்கு எழுத்தில் அனுப்புங்கள்: பயணத் திட்டம், பில், கார்டு ரசீது, வளையலின் படம். மசியவில்லை என்றால் பெய்ஜிங் நகர நிர்வாகத்தின் 12345 எண்ணில் புகார் கொடுங்கள், ஆங்கிலத்திலும் பேசலாம். ஒரே ஒரு சிக்கல் உண்டு. 'இன்னின்ன கடைகளுக்குப் போகச் சம்மதம்' என்று ஒப்பந்தத்தில் இருந்து, நீங்கள் படிக்காமல் ஓகே அழுத்தியிருந்தால், அவர்கள் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

இனி என் புலம்பல். சீசனில் சுவருக்கு நுழைவுச் சீட்டே 40 யுவான். மீதி 80 யுவானில் கல்லறைச் சீட்டு, சாப்பாடு, வேன், டீசல், டிரைவர் கூலி, கைடு கூலி எல்லாம் எப்படி அடங்கும்? அடங்காது. உங்களைக் கடை வாசலில் இறக்கிவிட்டுத்தான் அதை ஈடுகட்டுகிறார்கள். சீனர்களே இதைப் 'பூஜ்யக் கட்டண டூர்' என்பார்கள். எனக்கு எரிச்சல் கடை மேல்கூட இல்லை, அந்தக் கூடங்களுக்கு அவர்கள் சூட்டும் 'அருங்காட்சியகம்' என்ற வார்த்தை மேல். பில் போடும் மெஷின் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன். நாலு பெண்கள் நாலு மூலையில் நின்று பட்டுப் பஞ்சை இழுத்து விரித்துக் காட்டினார்கள். அழகில் மயங்கி, இரண்டு கிலோ பட்டு அடைத்த ரஜாய் (கனத்த குளிர்ப் போர்வை) ஒன்றை 980 யுவானுக்கு வாங்கினேன். நான் இருப்பது சென்னையில். நூறு வருஷம் உழைக்கும் என்றார்கள். உழைக்கும்தான், பரணில் கிடப்பது எப்படித் தேயும்?

மாமியாரைத் திட்டாதீர்கள்.

கேள்வி: திங்கட்கிழமை பெய்ஜிங்கின் பழைய அரண்மனையான ஃபர்பிடன் சிட்டி போனோம், கதவு மூடியிருந்தது. டாக்ஸிக்கும் ஹோட்டலுக்கும் நஷ்டஈடு கேட்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: யாரிடம்? அரசு விடுமுறை நாள் தவிர எல்லாத் திங்களும் அங்கே மூடல்தான். திறந்திருந்தாலும் வாசலில் டிக்கெட் கிடையாது. ஏழு நாள் முன்பிருந்தே பாஸ்போர்ட் எண் கொடுத்து ஆன்லைனில் எடுக்க வேண்டும். ஹோட்டலை மெனக்கெட்டுத் தேடிய நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்திருக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, பேரனுக்கு 6. பெருஞ்சுவரில் பாடாலிங் பகுதிக்குக் கூட்டிப்போவதா, மூதியான்யூ பகுதிக்கா? கேபிள் கார் தனிக் கட்டணம் என்கிறார்களே, அதுவும் ஏமாற்றா? (வாசகர், ஈப்போ)

பதில்: ஏமாற்று இல்லை. நுழைவுச் சீட்டு வேறு, கேபிள் கார் வேறு. ஆனால் பதிவு செய்யும்போதே அதை விலையில் சேர்த்துக் கேளுங்கள். மலையடிவாரத்தில் நிற்கவைத்துச் சொன்னால் பேரம் பேச வாயிருக்காது. என் ஓட்டு மூதியான்யூவுக்கு. மூடிய கேபிள் கார் 14-ஆம் காவல் கோபுரத்துக்கு ஏறுகிறது, அம்மாவுக்கு அதுதான். இன்னொரு பக்கம் திறந்த நாற்காலி 6-ஆம் கோபுரத்துக்குப் போகும். அங்கிருந்து சறுக்கு வண்டியில் இறங்கலாம், பேரன் அதைப் பார்த்ததும் அடம் பிடிப்பான். கூட்டமும் பாடாலிங் அளவுக்கு இருக்காது. பாடாலிங்தான் என்றால் டூரே வேண்டாம். 2019 கடைசியிலிருந்து அதிவேக ரயில் அங்கேயே போய் நிற்கிறது. ரயில் எந்த ஜேட் கடையிலும் நிற்காது.

கேள்வி: டூர் முடிந்த மாலை பெய்ஜிங்கின் வாங்ஃபூஜிங் கடைத்தெருவில் என் மகனிடம் இரண்டு இளம்பெண்கள் 'இங்கிலீஷ் பேசிப் பழகணும்' என்று நட்பாகப் பேசி டீ குடிக்க அழைத்தார்களாம். நாலைந்து குட்டிக் கிண்ணம் டீக்கு 1,600 யுவான் பில். கதவருகே ஒரு ஆள் நின்றதால் பயந்து கார்டில் கட்டிவிட்டான். வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னான். (வாசகி, மதுரை)

பதில்: வெட்கப்பட வேண்டியது அவன் இல்லை. ஷாங்காயிலும் நடக்கும் பழைய வித்தை இது, நன்றாகப் படித்தவர்களும் விழுந்திருக்கிறார்கள். அங்கேயே 110 அழைத்து போலீஸ் என்றிருந்தால் பில் சுருங்கியிருக்கும். இப்போது வங்கியிடம் அந்தக் கட்டணத்தை மறுத்து எழுதிக் கொடுங்கள். விலைப்பட்டியல் காட்டாமல், மிரட்டி வாங்கியது என்று தெளிவாக எழுதுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன், ஆனால் கேட்காமல் விடாதீர்கள். பையனுக்கு ஒரு நல்ல டீ போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: மார்க்கெட்டில் 150 யுவானுக்கு வாங்கிய சுவிஸ் வாட்ச் நாலே நாளில் நின்றுவிட்டது. கியாரண்டி உண்டா? (வாசகர், திருச்சி)

பதில்: நாலு நாள் ஓடியதா!

கேள்வி: கைடுக்கு டிப்ஸ் கட்டாயமா? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: சீனர்களிடம் அந்த வழக்கம் பெரிதாக இல்லை. வெளிநாட்டுக் குழுக்களிடம் மட்டும் எதிர்பார்ப்பார்கள். விலையில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். கடைக்குக் கூட்டிப்போகாமல் சுவரைச் சுற்றிக் காட்டிய கைடு கிடைத்தால், தாராளமாகக் கொடுங்கள்.