ஆத்துத் தண்ணி, கழிவுநீர் லைசன்ஸ் வேலைக்கு வரணும்னு கேட்டவங்களுக்கு

கோலாலம்பூர் செராஸ்ல ஒரு டியூஷன் சென்டர்ல போன மாசம் பிள்ளைங்களுக்கு இந்த வேலைய பத்தி, அதாவது கம்பெனிங்க தண்ணி எடுக்கவும் கழிவ வெளிய விடவும் வேண்டிய லைசன்ஸ கவனிக்கிற வேலைய பத்தி, ரெண்டு மணி நேரம் பேசினேன், அதுல இருந்து வாட்ஸப் ஓயவே இல்ல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி விரலே போச்சு, அதான் எல்லாத்தையும் சேத்து இங்கயே சொல்லிடறேன். பேர் எதுவும் போடல, பயப்படாதீங்க.

கிள்ளான்ல இருந்து ஒரு தங்கச்சி: என்வைரமெண்ட் டிப்ளோமா முடிச்சிட்டேன் அக்கா. லுவாஸ், ஸ்பான், ஜாஸ்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது எதுக்கு, எங்க ஆரம்பிக்கிறது?

உங்க பக்கமே காப்பார், மேரு எல்லாம் கையுறை ஃபேக்டரி இருக்குல்ல, அதுல ஒண்ண மனசுல வச்சுக்கோ. அவன் ஆத்துலயோ பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலயோ பம்ப் போட்டு தண்ணி எடுக்குறான்னா, இல்ல போர் போட்டு எடுக்குறான்னா, லுவாஸ், அதாவது சிலாங்கூர் மாநில நீர் வாரியம், அவங்க லைசன்ஸ் வேணும். பைப் தண்ணின்னா அத சப்ளை பண்ற ஏர் சிலாங்கூர் கம்பெனியோட அக்கவுண்ட், அந்த ஏர் சிலாங்கூருக்கே லைசன்ஸ் கொடுத்து கவனிக்கிறது ஸ்பான், அதாவது மத்திய அரசோட நீர்ச் சேவை ஆணையம். கழுவி வெளிய விடுற தண்ணிக்கு ஜாஸ், அதாவது மத்திய சுற்றுச்சூழல் துறை, அது 1974 சுற்றுச்சூழல் சட்டம். அதே கழிவு ஆத்துல போய் விழுதுன்னா லுவாஸும் கேக்கும், அதுக்குன்னு 2012-ல தனி விதிமுறையே வச்சிருக்காங்க. கக்கூஸ் தண்ணிக்கு இண்டா வாட்டர்ங்கற கம்பெனி. ஆக ஒரே ஃபேக்டரிக்கு நாலு ஃபைல்மா, நாலும் ஒரே மேசையில இருக்கும், அந்த மேசையில உக்கார ஆள் இல்லாமத்தான் கம்பெனிங்க தவிக்குது.

ஏன் இப்படி பிச்சுப் பிச்சு வச்சிருக்காங்கன்னு கேப்ப. ஆத்துத் தண்ணி அந்தந்த மாநிலத்தோடது, எப்பவுமே அப்படித்தான். 2005-ல அரசியலமைப்ப திருத்தி தண்ணி சப்ளையை மட்டும் மத்தியும் மாநிலமும் சேந்து பாக்குற லிஸ்ட்டுக்கு கொண்டு வந்தாங்க, 2006-ல ஸ்பான் சட்டமும் நீர்ச் சேவைத் தொழில் சட்டமும் வந்துச்சு, அந்த ரெண்டாவது சட்டம் 2008 ஜனவரி 1-லதான் அமலுக்கு வந்துச்சு. அதனால சுத்திகரிச்ச தண்ணி ஒரு கை, ஆத்துத் தண்ணி இன்னொரு கை. லுவாஸ் சிலாங்கூரோட 1999 சட்டத்துல பொறந்தது, அதே மாதிரி கெடாவுல ஒரு போர்டு, ஜோகூர்ல பக்காஜ், நெகிரி செம்பிலான்லயும் பகாங்லயும் பி.கே.எஸ்.ஏ. இருக்கு. நம்ம பிள்ளைங்க எல்லாம் சைபர்ஜெயாவுல இருக்குற ஸ்பான் வாசலையே பாத்துட்டு நிக்குது, இந்த மாநில ஆபிஸ்ங்கள யாருமே பாக்குறதில்ல.

அரசாங்க வேலைன்னா அப்ளை பண்ணி வை, ஆனா கூப்பிடுவாங்கன்னு வீட்டுல உக்காந்துடாத. முதல் ரெண்டு வருஷம் ஃபேக்டரியோட கழிவுநீர் பிளாண்ட்ல வேலை பாரு. பாங்கி யு.கே.எம். பல்கலைக்கழகத்துக்குள்ள எய்மாஸ்னு ஜாஸோட பயிற்சிக் கழகம் இருக்கு, அங்க செபியெட்சோ சர்டிஃபிகேட் எடு, அதாவது கழிவுநீர் பிளாண்ட நடத்த தகுதியானவர்னு சொல்ற பேப்பர். அது கையில இருந்தா கம்பெனி உன்னைத் தேடி வரும். தண்ணி எந்த பைப்ல வந்து எந்த சாக்கடையில போகுதுன்னு நடந்து பாக்காதவங்க எழுதுற அப்ளிகேஷன் படிச்ச உடனே தெரிஞ்சிரும்.

பினாங்கு பிறையில இருந்து ஒரு தம்பி: டெஸ்டிங் லேப்ல மூணு வருஷமா சாம்பிள் எடுக்குறேன். இது அனுபவமா கணக்குல வருமா, இல்ல வீணா?

வீணா? தம்பி, இந்தத் துறையில பாதி சண்டை சாம்பிள்ள வச்சுத்தான். நானும் லேப்ல பாட்டில் கழுவி வந்தவதான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

ஒரே ஆளு எடுத்த ஒரே நாள் சாம்பிள், ஒண்ணு பாஸ் ஒண்ணு ஃபெயில். தண்ணியில இருக்குற அழுக்க கிருமி சிதைக்க எவ்வளவு ஆக்ஸிஜன் வேணும்னு அளக்குறது பி.ஓ.டி., அதையே கெமிக்கல் போட்டு அளக்குறது சி.ஓ.டி. பி.ஓ.டி. பாட்டில் ஐஸ்ல வராம லாரி டேஷ்போர்டுல வெயில்ல வெந்திருக்கும், சி.ஓ.டி. பாட்டில்ல சாம்பிள் கெடாம இருக்க ஆசிட் விட்டிருக்க மாட்டாங்க. அந்த ரிப்போர்ட்ட வச்சு லைசன்ஸ் புதுப்பிக்கப் போனா என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு. நீ இப்ப செய்யிற வேலையில அடுத்து கத்துக்க வேண்டியது, அந்த நம்பர் எந்த ஸ்டாண்டர்டுக்கு எதிரா நிக்குதுங்கறதுதான். குடிநீருக்கு தண்ணி எடுக்குற இடத்துக்கு மேல் பக்கம் ஃபேக்டரி இருந்தா ஸ்டாண்டர்ட் ஏ, பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராம் தாண்டக் கூடாது. மத்த இடம் ஸ்டாண்டர்ட் பி, 50 வரைக்கும். ஒரே கழிவு, அந்தத் தண்ணி எடுக்குற இடத்துக்கு மேல இருந்தா குத்தம், கீழ இருந்தா சரி. மேப்ப படிக்கத் தெரிஞ்ச லேப் ஆளு ரொம்ப கம்மி.

பினாங்குல இருக்குறது உனக்கு இன்னொரு பாடம். உங்க குழாய்ல வர்ற தண்ணியில 80 சதவீதத்துக்கு மேல சுங்கை மூடாவுல இருந்து, அந்த ஆறு கெடாவுல இருந்து வருது. கெடா காசு கேக்குது, பினாங்கு எங்க கரையில நின்னுதான் நாங்க எடுக்குறோம்னு சொல்லுது, வருஷக்கணக்கா ஓடுது இந்த வாக்குவாதம். பேப்பர்ல அரசியல்னு தாண்டிப் போகாம தண்ணி உரிமைன்னா என்னன்னு அதுல இருந்து கத்துக்கோ. நிபோங் திபால்ல யு.எஸ்.எம். இன்ஜினியரிங் கேம்பஸ்ல ரெடாக்னு ஆறு, வடிகால் ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்க என்ன கோர்ஸ் நடக்குதுன்னு ஒரு எட்டு போய் கேட்டுப் பாரு, பிறையில இருந்து பக்கம்தானே.

செந்தூல் தம்பி: மலாய் கொஞ்சம் வீக். சமாளிக்கலாமா?

முடியாதுப்பா, நேராவே சொல்றேன். ஃபார்ம், லெட்டர், மீட்டிங் எல்லாம் மலாய்ல. பேச வந்தா போதாது, எழுதணும். தினமும் ஒரு அரசாங்க லெட்டர எடுத்து ஒரு பக்கம் அப்படியே கையால எழுதிப் பழகு, ஆறு மாசத்துல வந்துரும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு.

பந்திங்ல இருந்து ஒரு ஐயா: மகன் இந்த வேலைக்குப் போறேங்கிறான். அது இருக்கட்டும், என் சொந்த நிலத்துல போர் போடுறதுக்குமா லைசன்ஸ்?

ஆமாங்கய்யா. கிராண்ட், அதாவது நிலப் பட்டா, உங்க பேர்ல இருக்கலாம், அடியில இருக்குற தண்ணி உங்களுது இல்ல. பந்திங் சிலாங்கூர்ங்கறதால லுவாஸ போய் பாருங்க, ஜியோசயின்ஸ் டிப்பார்ட்மெண்டுக்கும் தகவல் போகணும். துளை போடுற ஆளு "ஒண்ணும் வேணாம் அங்கிள்"னுதான் சொல்வான், அவனுக்கு துளைக்குத்தான் காசு. பையன அனுப்பி அந்த அப்ளிகேஷன எழுதச் சொல்லுங்க, நாள் ஒண்ணுக்கு எத்தனை கன மீட்டர், எதுக்கு, மீட்டர் எங்க மாட்டுவ, இதெல்லாம் அவனே பூர்த்தி பண்ணட்டும். வேலை அவனுக்கு ஒத்து வருமான்னு அப்பவே தெரிஞ்சிரும்.

பெட்டாலிங் ஜெயாவுல இருந்து: பாஸ் பழைய தேதி போட்டு லாக் புக் எழுதச் சொல்றாரு. சின்ன விஷயம்தானே அக்கா?

இதுக்கு நான் என் கதைய சொல்லிடறேன். வேலைக்குச் சேந்து ரெண்டாவது வருஷம், ஒரு கம்பெனி, பேர் வேணாம். தண்ணி எடுக்குற அளவு தினமும் காலையில எட்டு மணிக்கு மீட்டர பாத்து எழுதணும். மூணு மாசம் யாரும் எழுதல, மறுநாள் ஆபிசர் வர்றார்னதும் ராத்திரி ஒன்பது மணிக்கு என்னை உக்கார வச்சு எழுத வச்சாங்க. நானும் எழுதினேன். புத்திசாலியா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாத்தி மாத்தி 412, 408, 415-னு. மறுநாள் வந்த ஆபிசர் புக்க தொறந்து ஒரு நம்பரையும் படிக்கல, பக்கத்த வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தார். மூணு மாசமும் ஒரே நீல மை, ஒரே அழுத்தம். அப்புறம் ஹரி ராயா முதல் நாள் எங்க விரல் வச்சார், அன்னிக்கு ஃபேக்டரி பூட்டி இருந்துச்சு, நான் 410 எழுதி வச்சிருந்தேன். கையெழுத்து யாருதுன்னு கேட்டார், எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

பாஸ் கையெழுத்து அதுல எங்கயும் இல்ல பாருங்க, அதான் விஷயம். அப்பவாவது எச்சரிக்கையோட போச்சு. 2020 செப்டம்பர்ல ரவாங் சுங்கை கோங்ல கழிவு கலந்து நாலு சுத்திகரிப்பு நிலையம் நின்னு, கிள்ளான் பள்ளத்தாக்குல 10 லட்சத்துக்கும் மேல அக்கவுண்ட் தண்ணி இல்லாம வாளி தூக்கினோமே, அதுக்கப்புறம் சிலாங்கூர் அபராதத்த ஏத்திருச்சு, ஆத்த கெடுத்தா குறைஞ்சதே 2 லட்சம் வெள்ளி (ரிங்கிட்), மேல 10 லட்சம் வரைக்கும். மத்திய அரசோட சுற்றுச்சூழல் சட்டத்துலயும் 2024-ல அபராத உச்சவரம்பு 1 கோடி வெள்ளி வரைக்கும் போயிருச்சு. இப்ப ஒரு கேஸ் வந்தா முதல்ல எடுக்குறது லாக் புக்கத்தான்.

எழுதலன்னா எழுதல. "ரீடிங் எடுக்கப்படவில்லை"னு அந்த நாள்ல கோடு போட்டு இன்னிக்கு தேதியில கையெழுத்து வைங்க. பாஸ்கிட்ட வாயால மறுக்க பயமா இருந்தா, "எப்படி எழுதணும்னு கொஞ்சம் ஈமெயில்ல அனுப்புங்க பாஸ்"னு கேளுங்க, அனுப்பவே மாட்டார்.

சுபாங்ல இருந்து: மாஸ்டர்ஸ் பண்ணிட்டு வந்தா நல்லதா?

இப்ப வேணாம். முதல்ல ஒரு லைசன்ஸ் அப்ளிகேஷன ஆரம்பத்துல இருந்து கையில வாங்குற வரைக்கும் நீங்களே கொண்டு போங்க. எத்தனை தடவ திருப்பி அனுப்புறாங்கன்னு எண்ணிக்கோங்க, எனக்கு முதல் ஃபைல் ஏழு தடவ வந்துச்சு, ஏழாவது தடவ ஸைட் பிளான்ல வடக்கு அம்புக்குறி போடலன்னு.