சீவாளி புதிதா, தம்பி?

அன்புள்ள ஐயா,

ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்ததாக எங்கோ எழுதியிருந்தீர்கள். அந்தத் துணிச்சலில் இதை எழுதுகிறேன். இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. வீடு சத்துவாச்சாரியில். மாலையில் வந்ததும் மின்கிடாரில் மெட்டல் இசை வாசிப்பேன். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை, ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம்) வைத்த கிடார், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள 40 வாட் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்). அதன் குமிழ்கள்: கெயின் (ஓசையை முறுக்குவது) 9, பேஸ் (கீழ்ஓசை) 8, மிட் (நடுஓசை) 0, ட்ரெபிள் (மேல்ஓசை) 6, பிரசென்ஸ் 7. எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் எதிரே சாய்வு நாற்காலியில் உட்காரும் அப்பா, "தகரத்தை ஆணியால் கீறுகிறாய்" என்கிறார். அவர் பக்கத்தில் கைப்பேசியை வைத்துப் பதிவு செய்து கேட்டால் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ட்ரெபிளை 2க்கு இறக்கினால் கம்பளிக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல மங்கிவிடுகிறது. கீறல் மட்டும் போகவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு கல்லூரி விழாவில், திறந்தவெளி மேடையில் வாசிக்கப் போகிறோம். பிக்கப்பை மாற்றச் சொல்கிறான் நண்பன். எட்டாயிரம் ரூபாய் ஆகும். மாற்றலாமா?

— ஒரு வாசகன், வேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

எட்டாயிரத்தைத் தொடாதீர்கள். அப்பா சொல்வதுதான் சரி. அந்த ஆம்ப்பின் உண்மையான ஓசையைக் கேட்பவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். நீங்கள் முழங்காலால் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கிண்டல் இல்லை. உங்கள் ஆம்ப் தரையில் இருக்கிறது, நீங்கள் அதற்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 12 அங்குலம் என்பது 30 சென்டிமீட்டர். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 1,100 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலியலையின் நீளம் ஸ்பீக்கரின் விட்டத்தைவிடச் சிறியதாகிவிடும். அதற்குக் கீழே உள்ள ஓசை அறை முழுக்கப் பரவும். மேலே போகப் போக டார்ச் விளக்கின் வெளிச்சம் போல ஒடுங்கி நேராக முன்னால் பாயும். 3,000, 4,000 ஹெர்ட்ஸில் இருக்கும் கூர்மையெல்லாம் உங்கள் முழங்காலைத் தாண்டி அப்பாவின் சாய்வு நாற்காலிக்குப் போகிறது. உங்களுக்கு மந்தமாகத் தெரிவதால் ட்ரெபிளையும் பிரசென்ஸையும் ஏற்றுகிறீர்கள். ஏற்றியதை வாங்கிக்கொள்பவர் அவர்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், இதே தவற்றை நான் மேடையில் செய்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம், வாலாஜாபேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. வாடகை ஆம்ப், புதுக் கம்பிகள், மிட் பூஜ்யம். இரண்டாவது பாட்டு முடிந்தபோது முன்வரிசை காலியாகிவிட்டது. அடுத்த நாள் முகூர்த்தத்துக்காக வந்திருந்த நாதஸ்வரக்காரர் ஒருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் மேடை ஓரமாக வந்து மிகுந்த பரிவோடு கேட்டார்: "சீவாளி புதிதா, தம்பி?" நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளி புதிதாக இருந்தால் கத்தும், பதப்படுத்தி வழிக்குக் கொண்டுவரவேண்டும் என்று விளக்கிவிட்டு, ஆம்ப்புக்கு நேர் எதிரே தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி, "ஒருமுறை அங்கே வந்து உட்கார்ந்து கேட்டுப் பார்" என்றார். கிடாரை நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் தாங்கவில்லை.

ஆகவே முதல் வேலை ஆம்ப்பை ஒரு நாற்காலியில் ஏற்றுவது, அல்லது அடியில் செங்கல் கொடுத்து அண்ணாந்து பார்க்கும்படி சாய்ப்பது. ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கட்டும். அதன் பிறகுதான் குமிழ்களில் கை வைக்கவேண்டும்.

அடுத்தது கெயின். உங்கள் கீறல் பிறக்கும் இடம் அது. கழுத்தில் 24 கட்டை (ஃப்ரெட்) உள்ள கிடாரில்கூட மிக உயர்ந்த சுரத்தின் அடிப்படை அதிர்வு 1,319 ஹெர்ட்ஸ்தான். கீழ்க்கம்பி 82. அப்படியானால் 3,000க்கு மேலே காதைக் குத்துவது எது? நீங்கள் வாசித்த சுரம் அல்ல, அதன் மடங்குகள். கம்பியிலேயே அவை ஓரளவு உண்டு. அலையின் தலையை வெட்டித் தட்டையாக்குவதுதான் டிஸ்டார்ஷன் என்பதால், எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு மடங்குகள் புதிதாக முளைக்கும். இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட வந்து சேரும். சுருதியோடு எந்த உறவும் இல்லாமல் 'ஸ்ஸ்' என்று மேலே மிதக்கும் அந்த இரைச்சல் இவற்றின் குவியல்.

மடங்குகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. தம்புராவில் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே ஜீவாளி நூலை நுழைக்கிறோமே, அது மேல்சுரங்களை எழுப்பத்தானே? நூல் ஒரு மயிரிழை இந்தப் பக்கம் போனால் கம்பி ஊமையாகும், அந்தப் பக்கம் போனால் கரகரக்கும். கெயினுக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. தனியாக வாசிப்பவர்கள் பலரும் அதைத் தாண்டித்தான் வைக்கிறார்கள், ஏனென்றால் கெயின் கூடக் கூட விரல் செய்யும் பிழை மறைகிறது. இசைத்தட்டில் கேட்கும் அந்தக் கனமான சுவர் போன்ற ஓசை பெரும்பாலும் ஒரே பகுதியை இரண்டு முறை, நான்கு முறை தனித்தனியாக வாசித்து அடுக்கியது. ஒவ்வோர் அடுக்கிலும் உங்கள் 9ஐவிடக் குறைந்த கெயின்தான் இருக்கும். 5 அல்லது 6க்கு இறக்குங்கள். இரண்டு நாள் கை கூசும்.

நீங்கள் ட்ரெபிளை 2க்கு இறக்கியும் கீறல் போகாததற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. பெரும்பாலான ஆம்ப்களில் அந்தக் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் இருக்கின்றன. கீறல் உருவாகி முடிந்த பிறகு அதன்மேல் போர்வை போடுகிறீர்கள். நல்லதும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. வெட்டவேண்டியதை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வெட்டவேண்டும். அதற்கான கருவி கிடாரிலேயே இருக்கிறது. டோன் குமிழை 10இலிருந்து 7க்கு, வால்யூமை 8க்குக் கொண்டுவாருங்கள். வால்யூமைக் குறைக்கும்போது கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்துகொண்டு ட்ரெபிளைச் சற்று மழுக்கும். வேறு சமயத்தில் நாம் திட்டும் குறை இங்கே உதவிக்கு வருகிறது.

நண்பர்கள் யாரிடமாவது ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பெடல் (காலால் மிதித்து இயக்கும் சிறு கருவி) அல்லது அதன் நகல் இருந்தால் இரவல் வாங்குங்கள். அதன் டிரைவ் குமிழைப் பூஜ்யத்தில், லெவல் குமிழை முக்கால் வாசியில் வைத்து ஆம்ப்புக்கு முன்னால் செருகுங்கள். அது கீழ்ஓசையைக் குறைத்து 700 ஹெர்ட்ஸ் பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். ஆம்ப்பின் கெயினை இன்னும் ஒரு படி இறக்கலாம், கீழ்க்கம்பியின் குழைவும் போய்விடும்.

இனி மிட். மிட் 0 என்று படித்ததும் எனக்கு நம் வேலூரைப் பற்றிய பழமொழிதான் நினைவுக்கு வந்தது: மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். வேலூர்க் கோட்டைக் கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பிவிட்டார். உங்கள் ஆம்ப்புக்கு மிட் இன்னும் திரும்பவில்லை. கிடாரின் உடம்பு இருப்பது அங்கேதான். அதை எடுத்துவிட்டால் மேலே ட்ரெபிள் தோலுரிந்து நிற்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது பிரம்மாண்டமாகத் தோன்றும். டிரம்ஸ் சேர்ந்ததும் உங்கள் கீழ்ஓசையை பேஸ் கிடாரும், மேல்ஓசையைச் சிம்பலும் விழுங்கிவிடும். கேட்கவில்லையே என்று நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள். மீதம் இருக்கும் கீறல்தான் ஏறும். மிட்டை 6க்கும் பேஸை 4க்கும் கொண்டுவாருங்கள். இந்த மூன்று குமிழ்களும் பல ஆம்ப்களில் ஒரே சுற்றில் பிணைந்தவை, ஒன்றைத் திருப்பினால் மற்றவை நகரும். எண்களைப் பார்க்காமல் காதை நம்புங்கள்.

பிரசென்ஸ் வேறு கதை. வால்வ் ஆம்ப்களில் பவர் பகுதி தன் வெளியீட்டில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்பித் தன்னையே கட்டுப்படுத்திக்கொள்ளும். பிரசென்ஸ் குமிழ் அந்தக் கடிவாளத்தை மேல்ஓசைக்கு மட்டும் தளர்த்துகிறது. 7 என்பது கட்டவிழ்த்துவிட்ட காளை. ட்ரெபிளைத் தொடுவதற்கு முன் இதை 2க்கு இறக்குங்கள். பிரைட் சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பெஸ்டாஸ், சிமெண்ட் தரை, வெறும் சுவர். அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். மெத்தை கீழ்ஓசையை ஒன்றும் செய்யாது, மேல்ஓசையைக் குடித்துவிடும். நமக்கு வேண்டியது அதுதான்.

கல்லூரி மேடை வேறு விவகாரம். அங்கே உங்களுக்கு மூன்று ஆபத்துகள்.

சவுண்ட் சர்வீஸ்காரர் அவசரத்தில் பெடலிலிருந்து நேராக லைன் (ஸ்பீக்கரும் மைக்கும் இல்லாத நேரடிக் கம்பி இணைப்பு) கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே செங்குத்தாக விழுந்துவிடும். நாம் டிஸ்டார்ஷன் என்று ரசிப்பது அப்படி வடிகட்டி வந்த ஓசை. மேடைப் பெட்டிகளில் இருக்கும் ட்வீட்டர் 15,000க்கு மேலும் விசுவாசமாக ஒலிக்கும். குளவிக் கூட்டைக் கலைத்தது போல இருக்கும். லைன்தான் தரவேண்டும் என்றால் ஸ்பீக்கர் பெட்டியின் (கேபினட்) ஒலியைப் போலி செய்யும் வசதி உள்ள கருவியின் வழியாகத் தாருங்கள், மேல்ஓசையை வெட்டும் 'ஹை கட்' வடிகட்டியை 6,000, 7,000 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். மைக் வைத்தால் இன்னும் நல்லது. ஷூர் எஸ்எம்57 மைக் 1965 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது, எந்த சவுண்ட் சர்வீஸிலும் அதுவோ அதன் நகலோ கிடைக்கும். ஸ்பீக்கர் நடுவில் இருக்கும் மூடிக்கு நேராக வைத்தால் கீறும். அங்கிருந்து விளிம்பை நோக்கி நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளினால் ஆளே மாறிவிடும். உலகத்தின் மிக மலிவான ஈக்வலைசர் அந்த நான்கு சென்டிமீட்டர்தான். சவுண்ட் சர்வீஸ்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள், கேட்பார்.

இரண்டாவது, சத்தத்தின் அளவு. ஒலி தணிவாக இருக்கும்போது நம் காதுக்குக் கீழ்ஓசையும் மிக மேல்ஓசையும் குறைவாகவே கேட்கும் என்று பிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வீட்டில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டை இறக்கத் தோன்றுகிறது. மேடையில் சத்தம் கூடும்போது காது தானாகவே சமமாகிவிடும், ஏற்றி வைத்தது கூடுதலாக நிற்கும். ஒத்திகையில் மேடை அளவு சத்தத்தில் ஒருமுறையாவது குமிழ்களைத் திருத்துங்கள். நீண்ட நேரம் வேண்டாம், மற்ற நேரம் காதடைப்பானோடு நில்லுங்கள்.

மூன்றாவது ஆபத்து என் கடிதம்தான். இதையெல்லாம் படித்துவிட்டு ட்ரெபிளை அடியோடு நறுக்கிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. திறந்தவெளியில் கூரையும் சுவரும் திருப்பியடிக்காது, தூரம் போகப் போகக் காற்றே மேல்ஓசையைத் தின்றுவிடும். செய்யாற்றுப் பக்கம் தெருக்கூத்தில் முகவீணை (நாதஸ்வரம் போன்ற சிறிய குழல்) கேட்டிருக்கிறீர்களா? ஓர் அறைக்குள் அதை வாசித்தால் காதைப் பொத்திக்கொள்வோம். இரவில் நாலு வயல் தாண்டிப் படுத்திருப்பவனை எழுப்பி அழைத்து வருவது அந்தக் கூர்மைதான். கல்லூரி மைதானத்தில் பிரசென்ஸை 4 வரை கூட்டிக்கொள்ளலாம்.

பிக்கப் கேள்வி பாக்கி இருக்கிறது. செராமிக் காந்தம் வைத்த, வலுவான சமிக்ஞை தரும் பிக்கப்களில் சில கூர்மையாக இருப்பது உண்மை. அல்நிகோ காந்தம் வைத்தது பொதுவாக மென்மையானது. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஒரு திருப்புளி எடுத்து, இப்போது இருப்பதைக் கம்பியிலிருந்து இன்னும் இரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கிப் பாருங்கள். அந்த அளவுக்கே தாக்கம் குறையும். அதற்கும் பிறகு கீறினால் எழுதுங்கள், எட்டாயிரத்தைப் பற்றி அப்போது பேசலாம்.

இன்று மாலை ஆம்ப்பை நாற்காலியில் ஏற்றியதும் கிடாரை அந்த நண்பனிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் சாய்வு நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். குமிழ்களை அங்கிருந்தே சொல்லித் திருப்பச் செய்யுங்கள்.