ஆலிஸ் ரூஸ்வெல்ட்டைப் பற்றிய படப் புத்தகங்களில் 7 வயதுக் குழந்தைக்கு எதை வாங்கலாம்? எப்படி வாசித்துக் காட்டுவது?

பார்பரா கெர்லி எழுதி, எட்வின் ஃபாதரிங்கம் படம் வரைந்த ‘வாட் டு டூ அபவுட் ஆலிஸ்?’ (2008) வாங்குங்கள். சிறந்த குழந்தைகள் தகவல் நூல்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் சைபர்ட் கௌரவ விருதை 2009இல் பெற்றது. லெஸ்லி கிம்மல்மனின் ‘மைண்ட் யுவர் மேனர்ஸ், ஆலிஸ் ரூஸ்வெல்ட்!’ நூலகத்தில் கிடைத்தால் பிறகு பார்க்கலாம்.

அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் இந்த மூத்த மகளின் கதையில் சேட்டைக்குப் பஞ்சமே இல்லை. எமிலி ஸ்பினாச் என்று பெயர் வைத்த பச்சைப் பாம்பை விருந்துகளுக்குக் கொண்டுபோவாள். 1905இல் ஆசியாவுக்குப் போகும் வழியில், கப்பலில் இருந்த நீச்சல் குளத்தில் உடுத்திய துணியோடு குதித்தாள். இதை மட்டும் அடுக்கினால் குழந்தை சிரித்துவிட்டு மறந்துவிடும். கெர்லி அதன் வேரையும் காட்டுகிறார்: பிறந்து இரண்டே நாளில் (1884 பிப்ரவரி 14) தாயை இழந்தது, ஊரார் ‘ஐயோ பாவம்’ என்றது, கால் குறையைச் சரிசெய்ய மாட்டிய இரும்புப் பட்டை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்து அப்பாவின் புத்தகங்களிலேயே படித்துத் தேறியது. என்னைப் பொறுத்தவரை புத்தகத்தின் உயிரே இந்தப் பக்கங்கள்தான், அவசரப்பட்டுப் புரட்டாதீர்கள். கடைசியில் உள்ள ஆசிரியர் குறிப்பை முதல் நாளே நீங்கள் படித்துவிடுங்கள். தாய் இறந்த அதே நாளில் அதே வீட்டில் பாட்டியும் இறந்தார். அப்பா அதன்பின் மகளிடம் அம்மா பேச்சையே எடுக்கவில்லை. “அம்மா எங்கே?” என்று குழந்தை கேட்டால் பதில் சொல்ல இது உதவும்.

குழப்பம் வருவது வயதில்தான். 1901இல் வெள்ளை மாளிகைக்கு வந்தபோது ஆலிஸுக்கு 17. படத்தைப் பார்க்கும் குழந்தை, தன் வயதுக்காரி என்றே நினைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் நிறுத்தி வயதைச் சொல்லுங்கள். ஆலிஸ் கார் ஓட்டும் படத்தைப் பார்த்து, அதில் என்ன தப்பு என்றும் கேட்கும். கல்யாணமாகாத பெரிய வீட்டுப் பெண் துணையில்லாமல் வெளியே போகவே கூடாத காலம் அது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் படமே புரியும்.

“என் கூரையின் கீழ் புகைக்கக் கூடாது” என்று அப்பா சொன்னதும் கூரைமேல் ஏறிப் புகைத்த கதை பிரபலம். குழந்தை எங்காவது கேள்விப்பட்டு வந்தால் மழுப்பாமல், புகை உடம்புக்குக் கெடுதல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெள்ளை மாளிகை லிஃப்டில் மட்டக் குதிரையை ஏற்றியதை ஆலிஸ் கணக்கில் எழுதிவிட வேண்டாம். அது அம்மைக் காய்ச்சலில் படுத்திருந்த தம்பி ஆர்ச்சியைப் பார்க்கக் கொண்டுபோன அல்கொன்குவின் என்ற குதிரை.